ஊட்டியை விடுங்க சார்... விருத்தாசலம் போங்க!

கேஷுவல் லீவ் என்பது ஐஸ்கட்டி மாதிரி. கையில் வைத்துக்கொண்டே இருந்தால் கரைந்து போகும். டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு அடித்தால் சொட்டுத் தண்ணீர்கூட மிஞ்சாது. இது தெரிந்தும் நம் ஆபீஸ் நண்பர்கள் அதை மே மாதத்துக்கென்று பொத்திப் பொத்தி வைப்பார்கள். எதற்கு? ஊட்டிக்கு!

மே மாத ஊட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? 2024-ல் ஹைகோர்ட்டே தலையிட்டு, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வைக்கச் சொல்லும் அளவுக்குக் கூட்டம். போய்விட்டு வந்த என் பக்கத்து சீட் நண்பரிடம், ''ஃபிளவர் ஷோ எப்படி?'' என்று கேட்டேன். ''முன்னால நின்னவரோட ஸ்வெட்டர்ல நல்ல பூ டிசைன் சார்!'' என்றார்.

கல்யாணம் ஆகி ஒன்றிரண்டு வருஷம் ஆன நண்பர்களே, என் யோசனை இதுதான். மலையை விடுங்கள். ஒரு சின்ன ஆற்றைப் பிடியுங்கள். அது ஓடுகிற ஒரு சின்ன ஊரில் ஆரம்பித்து, கடலில் கலக்கும் இடம் வரை ஜோடியாகப் போய் வாருங்கள். அதுவும் யாரும் போகாத புரட்டாசி மாதத்தில்!

புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது. ஆகவே கல்யாண கோஷ்டி கிடையாது. ஆகவே லாட்ஜில் ரூம் உண்டு. மாசி மகத்தன்று விருத்தாசலத்தில் நிற்க இடம் கிடைக்காது. புரட்டாசியில் லாட்ஜ்காரரே வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொள்கிறார்.

ரூம் கிடைப்பது மட்டும் லாபமில்லை. சென்னையில் எங்கள் வீடு இரண்டு பெட்ரூம், ஒரு ஹால். அப்பா, அம்மா, தங்கை, நான், மனைவி. எல்லோரும் நல்லவர்கள். ஆனால் எல்லோரும் எப்போதும் இருப்பார்கள்! நாங்கள் இருவரும் தனியாகப் பேசுகிற ஒரே இடம் மொட்டை மாடி. அங்கேயும் வடகம் காய்ந்தால் அம்மா காக்காய் விரட்ட வந்துவிடுவார்.

இந்த நிலைமையில்தான் போன புரட்டாசியில் மனைவிக்குப் பிரமோஷன் வந்தது. பாங்க் வேலை. பிரமோஷன் என்றால் கூடவே டிரான்ஸ்ஃபர். ஊர் திருச்சி. ஏற்பதா, வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதா, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் அபிப்பிராயம் சொல்லிவிட்டார்கள். ''சம்பளம் எவ்வளவு கூடும்?'' என்றார் அப்பா. ''புருஷனை விட்டுட்டா?'' என்றார் அம்மா. எதிர் வீட்டு மாமிகூடச் சொல்லியாகிவிட்டது. சொல்லாதவள் ஒருத்திதான். வேலைக்குப் போகப் போகிறவள்!

வியாழக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் ரயில் ஏறினோம். எனக்கு ஒரு நாள் சி.எல்., அவளுக்கும் ஒரு நாள். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் விருத்தாசலம்.

மலை எங்கே?

ஊருக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். பழமலை என்றும் சொல்வார்கள். விருத்தாசலம் என்றாலும் அதே அர்த்தம்தான், கிழட்டு மலை. ஆனால் ஊரைச் சுற்றிப் பார்த்தால் சமதரை! ''மலை எங்கேங்க?'' என்று ரிக்‌ஷாக்காரரிடம் மனைவி கேட்டாள். ''எல்லா மலைக்கும் முன்னாடி பொறந்த மலைம்மா. வயசாயிடுச்சி, உள்ளே போயிடுச்சி'' என்றார் அவர், சொந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்வதுபோல.

விருத்தகிரீஸ்வரர் கோயிலில் எல்லாமே ஐந்து. ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து நந்தி, ஐந்து தேர், ஐந்து தீர்த்தம். லெட்ஜர் பார்த்துப் பழகிய நம்மைப் போன்றவர்கள் 'டாலி' ஆகிறதா என்று எண்ணிக்கொண்டே சுற்றலாம். இருபத்தெட்டு ஆகமங்களுக்கு ஒன்றாக 28 லிங்கங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கத் தரைமட்டத்திலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். கீழே எங்களைத் தவிர யாரும் இல்லை. பிள்ளையார் தனியாக இருந்தார். நாங்களும்தான்.

ஊரை ஒட்டி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். இங்கே முருகனுக்கு உருவம் கிடையாது. ஆனால் ஆபீஸ் நடைமுறை உண்டு! குறையைத் தாளில் மனுவாக எழுதிக் கட்டிவிட்டு வர வேண்டும். 'பிராது கட்டுவது' என்று பெயர். உங்கள் ஊர் எத்தனை கிலோமீட்டரோ அதற்குத் தகுந்தாற்போல் கட்டணம். டி.ஏ. பில் மாதிரி! காரியம் நடந்தால் திரும்ப வந்து வாபஸ் வாங்க வேண்டும்.

''நீ எழுதறியா?'' என்றேன்.

''யார் மேலன்னு எழுதறது? எல்லாருமே என் நல்லதுக்குத்தானே சொல்றாங்க!'' என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எழுதவில்லை.

ஃபியூஸ் பிறந்த வீடு

உங்கள் தாத்தா காலத்து வீட்டில் மெயின் போர்டு இருந்தால் திறந்து பாருங்கள். வெள்ளை வெளேரென்று பீங்கானில் ஃபியூஸ் கேரியர் இருக்கும். கரண்ட் போனால் அப்பா அதைப் பிடுங்கி, கம்பி சுற்றி, பயந்துகொண்டே திரும்பச் செருகுவாரே, அதேதான். அந்த மாதிரிச் சாமான்களுக்குப் பேர்போன ஊர் விருத்தாசலம்.

பக்கத்தில் நெய்வேலி. நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அதை நம்பி இங்கே பீங்கான் தொழிற்பேட்டை வந்தது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு நடத்தும் டிப்ளமா படிப்பும் இந்த ஊரில் உண்டு. பிளாஸ்டிக்கும் எம்.சி.பி. ஸ்விட்சும் வந்தபிறகு ஃபியூஸுக்கு மவுசு குறைந்துவிட்டது. புரட்டாசியில் கொலு பொம்மை, அப்புறம் கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று பட்டறைகள் ஓடுகின்றன.

சும்மா எட்டிப் பார்த்தோம். ''உள்ளே வாங்க தம்பி'' என்று ஒரு பெரியவர் கூப்பிட்டுவிட்டார். களிமண்ணை மோர் மாதிரிக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரை ஒட்டி மண் ஏடு படிகிறது. கொஞ்ச நேரத்தில் மீதிக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே பிள்ளையார்! தொட்டால் நசுங்குகிற பிள்ளையார். காய வைத்து, சூளையில் சுட்டு, பளபளப்புக்குக் கிளேஸ் முக்கி, மறுபடி சுடுகிறார்கள். சூடு 1,200 டிகிரியை ஒட்டி.

''வெந்து வந்தா அச்சுல இருந்த சைஸ் இருக்காது. சுருங்கிடும். அதனால முதல்லயே பெருசாத்தான் செய்யணும்'' என்றார் பெரியவர்.

''நம்ம சம்பளம் மாதிரி!'' என்றேன். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவதை நினைத்து.

சூளைக்குள் பொம்மைகளை அடுக்கியிருந்ததை மனைவி கவனித்துக்கொண்டே இருந்தாள். ''ஏங்க ஐயா, இவ்ளோ எடம் விட்டு வெச்சிருக்கீங்க? நெருக்கி வெச்சா இன்னும் பத்து வைக்கலாமே?''

''கிளேஸ் பூசினதை ஒட்டி வெச்சா சூட்டுல உருகி ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும்மா. அப்புறம் பிரிச்சா ரெண்டுமே உடையும். விரல் எடமாவது விடணும்'' என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையாரைப் பார்த்தேன்.

ஆளுக்கொரு சின்ன ஊறுகாய் ஜாடி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

பன்னிரண்டாயிரம் பொன்

சாயங்காலம் மணிமுத்தாற்றுக்கு வந்தோம். கல்வராயன் மலையில் பிறந்து கோயிலை ஒட்டி ஓடுகிற ஆறு. புரட்டாசி ஆரம்பத்தில் ஓட்டம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. மணல்தான் அதிகம். உட்காரச் சௌகரியம்.

இந்த ஆற்றைப் பற்றி ஒரு கதை உண்டு. சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் திருவாரூரில் பரவை நாச்சியார் என்று மனைவி. பங்குனி உத்திரச் செலவுக்குப் பணம் வேண்டும். இந்த ஊர் சிவனிடம் சுந்தரர் பாட, 12,000 பொன் கிடைத்தது. தூக்கிக்கொண்டு போக வழியில் திருடர் பயம். ''ஆற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்'' என்று உத்தரவு. இன்றைய மணி டிரான்ஸ்ஃபர்! மனிதர் உஷார். மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டுதான் மீதியைப் போட்டார். திருவாரூர்க் கமலாலயத்தில் இறங்கித் தேடினால், உடனே கிடைக்கவில்லை. கரையில் பரவையார் நிற்கிறார். எந்தப் புருஷனுக்கும் வரக்கூடாத நிலைமை! மறுபடி பாடினார், பொன் வந்தது. உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைச்சல். அதற்கும் பாடி, சரியான மாற்று வந்தபிறகுதான் விட்டார். தங்கத்தை உரைத்துச் சொன்ன மாற்றுரைத்த பிள்ளையார் இன்றைக்கும் கமலாலயக் கரையில் இருக்கிறார். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்கிறோமே, அந்தப் பழமொழியின் சொந்த ஊர் இதுதான்.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மணலை அள்ளி விரலிடுக்கில் விட்டுக்கொண்டிருந்தாள்.

''ஏங்க, அவருக்குச் சாமி உத்தரவாதம் கொடுத்தார். இங்க போடு, அங்க எடுத்துக்கோன்னு. நான் இந்தப் பிரமோஷனை வேண்டாம்னு இங்க போட்டுட்டா, பின்னாடி எந்தக் குளத்துல தேடறது?''

எட்டு நாளில் அந்த விஷயத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை. மொட்டை மாடியில் வராதது மணிமுத்தாற்று மணலில் வந்தது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாடு, அம்மா முகம், ரயில் டிக்கெட் எல்லாம் வரிசையாக மனசில் வந்து நின்றன. அவளும் பதில் கேட்டு நச்சரிக்கவில்லை. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம்.

கடலும் ஆறும்

சனிக்கிழமை ஸ்ரீமுஷ்ணம். புரட்டாசிச் சனியாதலால் பூவராகப் பெருமாள் கோயிலில் நல்ல கூட்டம். இந்தப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரை வரை தீர்த்தவாரிக்குப் போகிறவர். வழியில் கிள்ளை தர்காவில் முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். அருகில் கூடலையாற்றூர். இங்கேதான் மணிமுத்தாறு வெள்ளாற்றோடு சேர்கிறது. அதன்பிறகு அதற்குத் தனிப்பெயர் கிடையாது.

''அதுக்குப் பேரே போச்சு பாத்தீங்களா!'' என்றாள் மனைவி.

''தண்ணி போகலையே'' என்றேன். ஏதோ தோன்றியது, சொன்னேன். அவளுக்குப் பிடித்துவிட்டது.

பஸ்ஸில் சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் போய்த் தங்கினோம். ஞாயிறு காலை பரங்கிப்பேட்டை. போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ. 1781 ஜூலையில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரிய சண்டை நடந்த ஊர். 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பாலை நடத்திய ஊர். இன்றைக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இங்கே இருக்கிறது. இத்தனைக்கும் தெருவில் பூனை குறுக்கே போனால் சத்தம் கேட்கும், அவ்வளவு அமைதி. புரட்டாசி விரதம் என்பதால் இறாலைக் கண்ணால் மட்டும் சாப்பிட்டேன்.

அன்னங்கோயில் பக்கம் வெள்ளாற்று முகத்துவாரம். ஆறு கடலுக்குப் போகும் என்று பார்த்தால், தண்ணீர் கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்துகொண்டிருந்தது!

வலை பிரித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: ''இப்ப கடல் ஏறுதும்மா. ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் எறங்கும். போறதும் வர்றதும்தான்.''

அங்கே வைத்துச் சொன்னேன். ''நீ திருச்சிக்குப் போ. சனி, ஞாயிறு நான் வர்றேன்.''

''எல்லா வாரமும் நீங்களே வந்தா ரெண்டு மாசத்துல அலுத்துப்பீங்க.''

''அப்ப நீ வா.''

''நானும்தான் அலுத்துப்பேன்'' என்றவள், கொஞ்ச நேரம் கழித்து, ''நடுவுல விருத்தாசலம் இருக்கே!'' என்றாள்.

வாஸ்தவம். சென்னை - திருச்சி கார்டு லைனில் விருத்தாசலம் ஜங்ஷன். எனக்கு மூன்று, மூன்றரை மணி, அவளுக்கு இரண்டு மணி. திங்கட்கிழமை அவள் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டாள்.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், ''அந்த ஜாடி ரெண்டையும் எடுத்துட்டு வா'' என்றார். ஒன்றில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு எனக்கு வைத்தார். இன்னொன்றில் கொஞ்சம் கூடுதலாக அமுக்கிப் போட்டு, வாயைத் துணியால் கட்டி, ''திருச்சியில நல்லெண்ணெய் நல்லதா கெடைக்குமா?'' என்று மருமகளைக் கேட்டார்.

ஆகவே நண்பர்களே... ஒரு சி.எல்., இரண்டு பை, ஒரு குடை போதும். புரட்டாசியில் சாயங்காலம் திடீர் மழை வரலாம். வெயிலுக்கு முன் கோயில், பிற்பகல் பட்டறை, மாலையில் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பீங்கான் வாங்கினால் நிறைய செய்தித்தாள் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். செல்போனை லாட்ஜிலேயே வையுங்கள்.

முக்கியமாக, மணலில் உட்கார்ந்தால் நீங்களே பேசிக்கொண்டு இருக்காதீர்கள். கொஞ்சம் அவங்களும் பேசட்டும்!