உங்களுக்குத் தெரியுமா? டிகாப்ரியோ மரம்!

கேமரூன் நாட்டின் எபோ மழைக்காட்டில் மட்டுமே இதுவரை காணப்பட்ட ஒரு சிறு மரத்துக்கு, 2022 ஜனவரியில் 'உவாரியோப்சிஸ் டிகாப்ரியோ' என்று பெயர் சூட்டினார்கள் லண்டன் கியூ தாவரவியல் பூங்கா அறிஞர்கள். ஆம், 'டைட்டானிக்' நாயகன் லியோனார்டோ டிகாப்ரியோதான்! 2020இல் அந்தக் காட்டில் மரம் வெட்ட அரசு தந்த அனுமதியை எதிர்த்து அவரும் குரல் கொடுத்தார், அனுமதி ரத்தானது.

உயரம் சுமார் 4 மீட்டர்தான். ஆனால், பூக்கும் விதமே தனி அழகு. பலா காய்ப்பதுபோல, அடிமரத்திலேயே மஞ்சள் கலந்த பச்சைப் பூக்கள் பளபளவென்று கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். நம் சீத்தாவும் மனோரஞ்சிதமும் இதற்குப் பங்காளிகள்.

ஆராய்ச்சியாளர்கள் கண்டது 50க்கும் குறைவான மரங்களையே. உலகுக்கு அறிமுகமானபோதே இது 'மிக அருகிய இனம்'.