மணிக்கட்டு நொந்த பின்னும் ஆடிய சானியா மிர்ஸா

ஏறாவூரில் எமது தையல் குழுவின் மாதாந்தக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். குழுவில் மூத்தவரான ஒரு ராத்தா என் அருகில் வந்து அமர்ந்தார். யுத்த காலத்தில் ஷெல் துண்டு பட்ட அவரது வலது மணிக்கட்டு, வயது போகப் போக அதிகம் நோகத் தொடங்கியிருந்தது. "இந்தக் கையால இனி மெஷின் ஓட்ட ஏலா தங்கச்சி. என்ட பேர வெட்டி விடுங்க" என்றார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் இந்திய டெனிஸ் வீராங்கனை சானியா மிர்ஸா. அவரையும் வழிமறித்தது ஒரு வலது மணிக்கட்டுத்தான்.

சானியா 1986ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி மும்பாயில் பிறந்து, ஹைதராபாத்தில் வளர்ந்தவர். ஆறு வயதில் டெனிஸ் மட்டையைப் பிடித்தார். தந்தை இம்ரான் மிர்ஸாவே பயிற்சியும் அளித்தார். அப்போது இந்தியப் பெண்களுக்கு இவ்விளையாட்டில் முன்னோடிகள் மிகக் குறைவு. கோயம்புத்தூரைச் சேர்ந்த தமிழ்ப் பெண் நிருபமா வைத்தியநாதன் 1998இல் அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியில் முதற்சுற்றை வென்றதே அன்று பெரிய செய்தியாக இருந்தது.

2003இல் சானியா தொழில்முறை வீராங்கனையானார். 2005இல் தனது சொந்த நகரான ஹைதராபாத்தில் நடந்த போட்டியில் ஒற்றையர் கிண்ணத்தை வென்றார். உலக மகளிர் டெனிஸ் சங்கத்தின் ஒற்றையர் கிண்ணமொன்றை வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. அதே ஆண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் நான்காம் சுற்று வரை சென்றார். 2007இல் ஒற்றையர் தரவரிசையில் 27ஆம் இடத்தை எட்டினார். அவரது விளையாட்டு உடை பற்றிச் சில மார்க்கப் பெரியவர்கள் கண்டனம் தெரிவித்ததும் 2005இல்தான். அது குறித்து எமது வாசகியரிடையேயும் வேறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆனால் அந்தச் சர்ச்சைக்கு நடுவிலும் அவர் பயிற்சியை நிறுத்தவில்லை.

சானியாவின் பலம் அவரது முன்கை அடி. மணிக்கட்டைப் பின்னால் மடித்து, பந்து வரும் கணத்தில் சுண்டி விடுவார். பந்து வலையை ஒட்டிச் சீறிப் பாயும். பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவதிலும், மைதானம் முழுதும் ஓடி எடுப்பதிலும் அவர் அவ்வளவு வலுவானவர் அல்லர். ஆகவே ஆட்டத்தின் பெரும் பாரம் அந்த ஒரு மணிக்கட்டின் மீதே விழுந்தது. 2008இல் அதற்குச் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. 2013இல் ஒற்றையர் ஆட்டத்தை முற்றாக விட்டு, இரட்டையர் ஆட்டத்தில் மட்டும் கவனம் செலுத்தினார்.

ஒற்றையர் ஆட்டத்தில் 27 அடி அகலமான பக்கத்தை ஒருவரே காக்க வேண்டும். இரட்டையரில் அகலம் 36 அடி. ஆனால் காப்பவர் இருவர். ஒருவருக்கு 18 அடி. ஒருவரது குறையை மற்றவரது நிறை மூடும். சுவிற்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸ் வலையருகே நின்று நுட்பமாகப் பந்தைத் தட்டி விடுபவர். சானியா பின்னால் நின்று பலமாக அடிப்பவர். 2015இல் இருவரும் சேர்ந்து விம்பிள்டனையும் அமெரிக்கப் பகிரங்கக் கிண்ணத்தையும், 2016இல் அவுஸ்திரேலியப் பகிரங்கக் கிண்ணத்தையும் வென்றார்கள். தொடர்ச்சியாக 41 ஆட்டங்களில் அவர்கள் தோற்கவில்லை. 2015 ஏப்ரலில் சானியா இரட்டையரில் உலகின் முதலாம் இடத்தைப் பிடித்தார். கலப்பு இரட்டையரில் பெற்ற மூன்றையும் சேர்த்து, அவர் வென்ற கிராண்ட் ஸ்லாம் கிண்ணங்கள் ஆறு.

2018இல் மகன் பிறந்தான். 2020 ஜனவரியில் மீண்டும் களமிறங்கிய முதற் போட்டியிலேயே, அவுஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில், இரட்டையர் கிண்ணத்தை வென்றார். 2023 பெப்ரவரியில், 36ஆவது வயதில், டுபாயில் தனது இறுதித் தொழில்முறைப் போட்டியை ஆடி ஓய்வு பெற்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இக்கதையைச் சொன்னேன். ராத்தா கேட்டார்: "அப்ப தனிய ஆடினவ சோடி சேர்ந்து ஆடப் போனது குறைவில்லையா?" நியாயமான கேள்வி. இரட்டையர் ஆட்டத்துக்குப் பரிசுப் பணமும் குறைவு, பேரும் குறைவு. இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னேன். சானியாவிடம் நல்ல வைத்தியர்களும் பணமும் இருந்தன. குடும்பம் பக்கத்தில் நின்றது. யுத்தத்தில் குடும்பத்தையே பறிகொடுத்த எமது பெண்கள் பலருக்கு அவை இல்லை. அதனால்தான் எங்களுக்குக் குழு தேவைப்படுகிறது. முடியாததை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், அதை இன்னொருவர் பொறுப்பெடுக்கலாம். சொல்லாமல் விலகிப் போனால், அவருக்கு முடிந்ததும் எல்லோருக்கும் இல்லாமல் போய்விடும்.

இப்போது ராத்தா அளவெடுத்துச் சோக்கால் கோடு போடுகிறார். பக்கத்து ஊரிலிருந்து வரும் இளம் தமிழ்ப் பெண் ஒருத்தி வெட்டித் தைக்கிறாள். கூலியை இருவரும் பங்கிடுகிறார்கள். முந்திய அளவு பணம் ராத்தாவுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் "கோடு பிழைச்சா சட்டையே பிழைச்சுப் போகும்" என்று அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டேன்.

குழுவின் பெயர்ப் பட்டியலில் அவரது பெயரை நான் வெட்டவில்லை.