மெஸ்ஸி வாங்கிய ‘தங்கப் பந்து’ முழுக்க தங்கமா? அதைச் செய்து தரும் 400 ஆண்டு குடும்பக் கடையின் கதை!

கால்பந்து வீரர்களுக்கான பெரிய தனிநபர் விருது ‘பாலன் டி ஓர்’. பிரெஞ்சு மொழியில் தங்கப் பந்து என்று அர்த்தம். லியோனல் மெஸ்ஸி இதை 8 முறை வாங்கியிருக்கிறார். அதைச் செய்து தருவது, பாரிஸில் ஒரே குடும்பம் 400 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வரும் ‘மெல்லேரியோ’ நகைக்கடை.

முழுக்க தங்கமா?

இல்லை. உள்ளே இருப்பது பித்தளை. பித்தளைத் தகட்டில் இரண்டு அரை உருண்டைகள் செய்து, அவற்றைப் பற்றவைத்து ஒரே பந்தாக்குகிறார்கள். கால்பந்தின் தையல் கோடுகளைக் கையாலேயே செதுக்குகிறார்கள். அப்புறம்தான் தங்க முலாம். அடியில் இருக்கும் கல் ‘பைரைட்’. அதுவும் தங்கம் மாதிரி மின்னும் கனிமம்தான், தங்கம் கிடையாது. ஸ்டான்லி மேத்யூஸ் முதல் விருதை வாங்கிய 1956 முதலே இந்த வேலை மெல்லேரியோவிடம் இருக்கிறது.

யார் இந்தக் குடும்பம்?

பூர்வீகம் வட இத்தாலியின் மலை கிராமம். அந்தப் பகுதி ஆட்கள் பிழைப்புக்காக பாரிஸ் போய், வீடுகளின் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்தார்கள். சின்னச் சின்னப் பொருட்களையும் விற்றார்கள். அந்தக் காலத்து பாரிஸில் வியாபாரிகள் சங்கங்களின் பிடி இறுக்கம். வெளியூர்க்காரர் நினைத்தபடி கடை போட முடியாது.

1613இல் நிலைமை மாறியது. சிறுவன் மன்னன் 13ஆம் லூயிக்காக ஆட்சி நடத்திய தாய் மேரி டி மெடிசி, அந்த ஊர்க்காரர்கள் வியாபாரம் செய்ய அனுமதி கொடுத்தார். புகைபோக்கிக்குள் வேலை பார்த்த ஒருவர், மன்னனுக்கு எதிரான சதியைக் கேட்டுச் சொன்னதற்கான நன்றி இது என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

புரட்சியில் என்ன ஆச்சு?

அரசி மேரி அன்டோனெட் வரை இவர்களிடம் நகை வாங்கியிருக்கிறார். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793இல் அரசியின் தலையே வெட்டப்பட்டது. நகை வாங்க ஆள் இல்லை. குடும்பத்தினர் இத்தாலிக்குத் திரும்பினார்கள். நிலைமை கொஞ்சம் அடங்கியதும் மறுபடி பாரிஸ் வந்து கடை திறந்தார்கள். 1815 முதல் ‘ரூ த லா பே’ தெருவில் கடை நடக்கிறது.

இப்போது ஏன் பேச வேண்டும்?

பாரிஸின் புகழ்பெற்ற நகைக்கடைகளில் பலவற்றில் குடும்பப் பெயர் பலகையில் மட்டும்தான் இருக்கிறது. கார்டியே, ரிஷ்மான் நிறுவனத்திடம். ஷோமே, எல்விஎம்எச் வசம். பூஷெரான், கெரிங் கையில். மெல்லேரியோவை மட்டும் அதே குடும்பம் விடாமல் நடத்துகிறது. வாடிக்கையாளர்கள்தான் மாறிவிட்டார்கள், அரண்மனையை நம்பியிருந்த கடைக்கு இப்போது மைதானமும் கை கொடுக்கிறது. பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் ஆண்கள் கோப்பையும் 1981இல் இவர்கள் செய்ததே. ரஃபேல் நடால் 14 முறை வென்று, பல்லால் கடித்து போஸ் கொடுத்தாரே, அதே கோப்பைதான்!