இரட்டையுடற் பாய்க்கலங்கள் கவிழ்வது ஏன்?

நுழையும்முன்

கால்களை அகல ஊன்றி நிற்பவரைத் தள்ளி வீழ்த்துவது கடினம். அகன்ற கலத்தைக் கவிழ்ப்பதும் அவ்வாறே கடினம். எனினும் அகன்ற இரட்டையுடற் பாய்க்கலங்கள் கவிழ்கின்றன. கவிழ்ந்தால் அவை தாமாக நிமிர்வதும் இல்லை. இதன் காரணத்தையும், இந்த அச்சம் எந்த அளவிற்கு நியாயமானது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

பெயர் வந்த வழி

‘கேட்டமரான்’ என்று உலகம் வழங்கும் சொல் நம் ‘கட்டுமரம்’ என்பதன் திரிபு. சோழமண்டலக் கரையில் இச்சொல் வழங்கியதை 1697இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயணநூல் பதிவு செய்துள்ளது. ஆனால், பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. நம் கட்டுமரம் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. நீர் உட்புகுவதற்கு அதில் உள்ளறையே கிடையாது. கரையோர அலையில் அது கவிழ்ந்தாலும் மீனவர் அதனைப் புரட்டி நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்வர். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர்.

இன்று ‘கேட்டமரான்’ எனப்படுவதோ, இணையான இரண்டு குறுகிய உடல்களைக் குறுக்குச் சட்டங்களாலோ மேல்தளத்தாலோ இணைத்த கலம். இவ்வமைப்பின் முன்னோடிகள் பசிபிக் பெருங்கடலின் பாலினேசிய மக்கள். அமெரிக்கக் கலவடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெரஷாஃப் 1876இல் இவ்வகையில் ‘அமரில்லிஸ்’ என்னும் கலத்தைக் கட்டி, நியூயார்க் போட்டியில் ஏனைய கலங்களை எளிதாக முந்தினார். அதன் வேகத்தைக் கண்டவர்கள் அவ்வகைக் கலத்தையே போட்டிகளிலிருந்து விலக்கினர்! நம் சொல் கடல் கடந்து சென்று, வேறொரு பொருளைச் சுமந்துகொண்டு திரும்பியிருக்கிறது.

சாயும் கலமும் சாயாத கலமும்

பாயில் மோதும் காற்று கலத்தை முன்னே செலுத்துவதோடு பக்கவாட்டிலும் தள்ளுகிறது. பாய் உயரத்திலும், கலத்தின் உடல் நீரிலும் இருப்பதால், இத்தள்ளுதல் கலத்தைக் கவிழ்க்கும் திருப்புத்திறனாக மாறுகிறது. அதனை எதிர்த்து நிற்க ஒவ்வொரு கலத்திற்கும் ஒரு வழி உண்டு.

ஒற்றையுடற் பாய்க்கலத்தின் அடியில் ஏரா எனப்படும் அடிக்கட்டையில் ஈயமோ இரும்போ பொருத்தப்பட்டிருக்கும். காற்று வலுக்க வலுக்கக் கலம் சாயும். சாயச் சாய அடிக்கனம் அதனை மேலும் வலுவாக நிமிர்த்த முயலும். கலம் சாயும்போது பாயும் சாய்ந்து காற்றை நழுவவிடும். தளம் சரிவதைக் காலால் உணரும் மாலுமி, எவரும் சொல்லாமலே பாயைச் சுருக்கத் தொடங்குவார்.

இரட்டையுடற் கலத்தில் அடிக்கனம் இல்லை. அதன் நிலைப்பு முழுவதும் அகலத்திலிருந்து வருகிறது. காற்று தள்ளும்போது, காற்றுக்கு மறுபக்கத்து உடல் சற்றே அமிழ்ந்து கூடுதல் மிதப்பு விசையைப் பெறுகிறது. காற்றுப் பக்கத்து உடல் சற்றே மேலெழுகிறது. ஏறத்தாழ 10 பாகைச் சாய்விலேயே ஓர் உடல் நீரைவிட்டு முற்றிலும் எழுந்துவிடுகிறது. கலத்தின் நிமிர்த்தும் திறன் உச்சத்தை அடையும் இடம் அதுவே. அதற்குமேல் சாய்ந்தால், கலத்தின் ஈர்ப்பு மையம் நீரிலுள்ள உடலை நோக்கி நெருங்குவதால் நிமிர்த்தும் திறன் குறையத் தொடங்குகிறது. ஒற்றையுடற் கலத்தில் சாய்வுடன் எதிர்ப்பு வளர்கிறது. இங்கோ உச்சத்தைக் கடந்தபின் அது தேய்கிறது. தலைகீழான பின்னர், அதே அகலம் கலத்தை அந்நிலையிலேயே உறுதியாக நிறுத்திவிடுகிறது.

ஆபத்தின் வேர் இங்குதான் உள்ளது. பயணிகள் பெரிதும் விரும்பும் சமதளம், எல்லை நெருங்கும் வரையிலும் சமதளமாகவே இருக்கிறது. மேசைமேல் வைத்த தேநீர்க் குவளை அசையாமல் இருக்கும்போதே பாயின்மீதான விசை பன்மடங்காகப் பெருகியிருக்கக்கூடும். கால் தரவேண்டிய எச்சரிக்கையைக் காற்றுமானியைப் பார்த்துத்தான் அறியவேண்டும்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, 12 மீட்டர் நீளமும் 10 டன் எடையும் கொண்ட பயணக் கலம் ஒன்றைக் கொள்வோம். அதன் இரு உடல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 5 மீட்டர் தொலைவு. ஓர் உடல் நீரைவிட்டு எழும் கணத்தில் நிமிர்த்தும் திருப்புத்திறன், எடையை அகலத்தின் பாதியால் பெருக்கக் கிடைப்பது: 10 × 2.5 = 25 டன்-மீட்டர். பாயின் பரப்பு 90 சதுர மீட்டர் என்றும், காற்றின் விசை சராசரியாக 7.5 மீட்டர் உயரத்தில் செயல்படுகிறது என்றும் கொண்டால், கலத்தைக் கவிழ்க்க ஏறத்தாழ 3.3 டன் விசை தேவை. முழுப் பாயும் விரிந்த நிலையில் அவ்விசையைத் தர, மணிக்கு ஏறத்தாழ 80 கி.மீ., அதாவது 44 நாட் வேகமுள்ள காற்று வேண்டும். நல்ல பயணக் காற்றாகிய 20 நாட்டில் அவ்விசையில் ஐந்தில் ஒரு பங்குதான் பாயின்மீது விழும்.

இடைவெளி பெரிதாகத் தோன்றினாலும், காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதை மறக்கலாகாது. மழைமேகத்தின் அடியிலிருந்து திடீரெனப் புறப்படும் சூறைக்காற்று, 20 நாட்டிலிருந்து 45 நாட்டிற்கு உயர நிமிடங்களே போதும். அதே கலத்தில் பாயை முன்னரே பாதியாகச் சுருக்கியிருந்தால் பரப்பு 45 சதுர மீட்டராகும்; விசை செயல்படும் உயரமும் 5 மீட்டரளவிற்கு இறங்கும். அப்போது கவிழ்க்கும் காற்றின் வேகம் மணிக்கு 140 கி.மீ. அளவிற்கு உயர்கிறது. அலையற்ற நீரையும் சீரான காற்றையும் கொண்டு போட்ட கணக்கு இது. அலை சேர்ந்தால் எல்லை இன்னும் தாழும்.

கவிழும் வாய்ப்பு எவ்வளவு என்னும் வினாவிற்கு, எந்தக் கலம் என்று திருப்பிக் கேட்பதே சரியான தொடக்கம். கலத்தின் எல்லா அளவுகளையும் இரட்டிப்பதாகக் கொண்டால் எடை 8 மடங்காகும், அகலம் 2 மடங்காகும்; எனவே நிமிர்த்தும் திறன் 16 மடங்காகும். பாயின் பரப்பு 4 மடங்கும் உயரம் 2 மடங்கும் ஆவதால் கவிழ்க்கும் திறன் 8 மடங்கே ஆகிறது. வடிவம் ஒன்றேயாயினும் பெரிய கலம் உறுதி மிக்கது. 145 கிலோ எடையுள்ள ‘ஹோபி 16’ போன்ற கடற்கரை விளையாட்டுக் கலம் 20 நாட் காற்றிலேயே கவிழக்கூடும். அங்குக் கவிழ்தல் அன்றாட நிகழ்ச்சி. கயிற்றைப் பற்றிப் பின்னே சாய்ந்து நிமிர்த்திவிட்டு விளையாட்டைத் தொடர்வர். கடல் கடக்கும் கனமான பயணக் கலங்களில் கவிழ்தல் அரிது. ஆனால் அவற்றைக் கடலில் நிமிர்த்த மனித வலிமை போதாது. இவ்விரண்டிற்கும் நடுவே, எடையைக் குறைத்துப் பாயைப் பெருக்கிய போட்டிக் கலங்கள் எல்லையின் விளிம்பிலேயே ஓடுகின்றன.

அணியம் அமிழ்தல்

பக்கவாட்டில் மட்டுமன்றி முன்னோக்கியும் கலம் கவிழும். பின்காற்றில் விரையும் கலம், அலையின் சரிவில் இறங்கி அடுத்த அலையின் அடியில் மோதும்போது குறுகிய அணியங்கள் நீருள் புதையலாம். உடல் தடைப்பட்டு நிற்க, உயரத்திலுள்ள பாய் தொடர்ந்து தள்ளுவதால், அமரம் மேலெழுந்து கலம் குட்டிக்கரணம் அடிக்கும்.

அமெரிக்கக் கோப்பைப் போட்டிக்கென உருவான ஏசி-72 வகைக் கலங்கள் இதனை உலகிற்குக் காட்டின. ஏறத்தாழ 22 மீட்டர் நீளமுள்ள அவற்றில் துணிப்பாய்க்கு மாற்றாக 40 மீட்டர் உயர இறக்கை நின்றது. எடையோ ஏறத்தாழ 6 டன்னே. 2012 அக்டோபரில் ஆரக்கிள் அணியின் கலம் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அணியம் புதைந்து கவிழ்ந்தது. 2013 மே 9 அன்று அதே விரிகுடாவில் ஆர்ட்டெமிஸ் அணியின் கலம் முறிந்து கவிழ்ந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்சன் அதனடியில் சிக்கி உயிரிழந்தார். அதன்பின் போட்டிக்கான காற்று வேக வரம்பு குறைக்கப்பட்டது.

பெருங்கடலில் புயலை எதிர்கொள்ளும் பயணக் கலங்கள் இதனாலேயே வேகத்தைக் குறைக்க முயல்கின்றன. பாயை இறக்கிவிட்டு, நீரில் இழுபடும் தடுப்பை அமரத்திலிருந்து விடுவர். அல்லது அணியத்திலிருந்து குடை போன்ற கடல் நங்கூரத்தை விட்டு அலையை நேர்முகமாக எதிர்கொள்வர். உடையும் பேரலையைப் பக்கவாட்டில் ஏற்பது மிகக் கொடியது. கலத்தின் அகலத்தையொத்த உயரமுள்ள அலையாயின், காற்றின் துணையின்றியே கலத்தைப் புரட்டிவிடும்.

கவிழ்ந்த பின்

அடிக்கனம் இல்லாமை இங்கே நன்மையாக மாறுகிறது. நீர் நிரம்பிய ஒற்றையுடற் கலத்தை அதன் ஈயமே அடியாழத்திற்கு இழுத்துச் செல்லும். நுரைப்பொருளும் கண்ணாடியிழையும் கொண்டு கட்டிய இரட்டையுடற் கலம் தலைகீழாயினும் மிதக்கிறது. உள்ளிருப்போர் வெளியேற உடல்களில் தப்பும் கதவுகள் அமைக்கப்படுகின்றன. கலத்தை விட்டு விலகாதிருத்தல் கடலோடிகளின் முதல் விதி. மிதக்கும் பெரிய உடல் தேடுவோர் கண்ணில் படும். தனியே நீந்தும் மனிதத் தலை படுவதில்லை.

அவ்விதியை அறிந்தும் ஒருவர் விலகினார். ஹவாய் மக்கள் தம் முன்னோரின் கலவடிவைப் பின்பற்றி 1975இல் கட்டிய ‘ஹோக்குலெயா’, 19 மீட்டர் நீளமுள்ள இரட்டையுடற் கலம். 1976இல் அது திசைகாட்டும் கருவிகளின்றி தாகித்தித் தீவுவரை சென்றது. 1978 மார்ச் 16 மாலை, துணைக்கலம் இல்லாமல் ஹொனலுலுவிலிருந்து இரண்டாம் முறை புறப்பட்டது. மொலக்காய்க் கால்வாயில் பலத்த காற்றும் அலையும் மோத, ஓர் உடலில் நீர் புகுந்தது. நீர் ஏறிய உடல் தாழத் தாழ, நள்ளிரவையொட்டிக் கலம் கவிழ்ந்தது. குழுவினர் இரவு முழுவதும் கவிழ்ந்த உடலைப் பற்றிக் கிடந்தனர். விடிந்தபின், வைமேயா விரிகுடாவின் உயிர்காப்பாளரும் அலைச்சறுக்கு வீரருமான எடி ஐகாவ், உதவி கொண்டுவருவதாகக் கூறித் தம் அலைச்சறுக்குப் பலகையில் லானாய்த் தீவை நோக்கிச் சென்றார். அவருக்கு அப்போது வயது 31. அன்றிரவு வானூர்தி ஒன்றிலிருந்தோர் கலத்தினர் ஏற்றிய ஒளிச்சுடரைக் கண்டனர், ஏனையோர் மீட்கப்பட்டனர். ஐகாவ் கிடைக்கவில்லை.

குழுவினர் கலத்தைச் செப்பனிட்டுப் பயிற்சியையும் முன்னெச்சரிக்கையையும் கூட்டினர். 1980இல் ஹோக்குலெயா மீண்டும் தாகித்திக்குச் சென்று திரும்பியது. அம்முறை துணைக்கலம் ஒன்று அதனைப் பின்தொடர்ந்தது.