முதல் நன்மைக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டுமா?

"ரீச்சர், அப்பா இல்லாட்டி முதல் நன்மை தரமாட்டினமோ?"

2012 இல், வன்னியில் மீளக்குடியேறியிருந்த எமது பங்கில், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் இப்படிக் கேட்டான். அவன் கையில் நான் கொடுத்த விண்ணப்பப் படிவம் இருந்தது. அதில் தந்தையின் கையொப்பத்துக்கு ஓர் இடம் இருந்தது. ஞானஸ்நானச் சான்றிதழும் கேட்கப்பட்டிருந்தது.

அவனுடைய தகப்பன் 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. தாய் செல்லடியில் இறந்துவிட்டார். சான்றிதழ் இருந்த பை இடப்பெயர்வில் தொலைந்துபோனது. அவன் ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் பதிவேடும் எஞ்சவில்லை. அவனை வளர்த்தவர் அம்மம்மா. யுத்தத்துக்கு முந்திய படிவத்தைப் பார்த்து, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியவள் நான்தான்.

பங்குத்தந்தையிடம் போனேன். திருச்சபைச் சட்டம் கேட்பது நாங்கள் கேட்பதைவிடக் குறைவு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஒரு காலத்தில் பல நாடுகளில் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதுக்குப் பிறகும் நற்கருணைக்காகக் காத்திருந்தார்கள். 1910 இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் அதை மாற்றினார். ஏறத்தாழ ஏழு வயதில், நன்மை தீமையைப் பகுத்தறியத் தொடங்கும்போதே பிள்ளை நற்கருணை பெறலாம் என்றார். இன்றைய சட்டமும், பிள்ளை தன் அளவுக்கு விளங்கிக்கொண்டு பக்தியோடு பெற வேண்டும் என்றே கேட்கிறது. ஆயத்தம் செய்யும் கடமை பெற்றோருக்கு மட்டுமல்ல, "பெற்றோரின் இடத்தில் இருப்பவர்களுக்கும்" உண்டு என்றும் சொல்கிறது. அந்த இடத்தில் இருந்தவர் அம்மம்மா. அவருடைய கையொப்பம் போதும்.

சான்றிதழ் இல்லையென்றால்? ஞானஸ்நானத்தை நேரில் கண்ட, நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சி போதும். நன்றாக விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால், நிபந்தனையுடன் ஞானஸ்நானம் கொடுக்கவும் இடமுண்டு. சிறுவனின் ஞானத்தாய் மன்னாரில் இருந்தார். அவர் பஸ் ஏறி வந்து சாட்சி சொன்னார். புதிய பதிவேட்டில் அவன் பெயர் எழுதப்பட்டது.

முதல் நன்மைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அதற்கான ஆயத்தத்தில்தான் நான் அதிகம் கவனம் எடுக்க வேண்டியிருந்தது. "ஓடேக்க தம்பியின்ர கையை விட்டிட்டன், அது பாவமோ?" என்று ஒரு சிறுமி கேட்டாள். தெரிந்தும் விரும்பியும் செய்வதுதான் பாவம். உனக்கு நடந்தது உன் பாவமல்ல என்று அவளுக்குச் சொன்னேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். செபங்களை மனப்பாடம் செய்விப்பதற்கு முன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் "விளங்காது" என்று ஒதுக்கத் தேவையில்லை. அப்பத்தை விழுங்க முடியாத பிள்ளைக்குச் சிறு துண்டு கொடுக்கலாம். அதுவும் இயலாவிட்டால் இரசம் மட்டும் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வெள்ளைச் சட்டை எங்கள் வழக்கம், சட்டமல்ல. எமது பங்கில் ஒரு அலுமாரி நிறைய வெள்ளை உடுப்புகளைச் சேர்த்து வைத்து, வருடாவருடம் மாறி மாறிக் கொடுத்தோம். எது வாங்கியது, எது இரவல் என்று யாருக்கும் தெரியாது.

இவை கத்தோலிக்க நடைமுறைகள். ஏனைய சபைகளில் ஒழுங்கு வேறுபடும். உங்கள் போதகரிடம் கேளுங்கள்.

யுத்தத்தில் தவறவிட்ட முதல் நன்மையைப் பெரியவரான பின்னும் பெறலாம். கடதாசி இல்லையே என்று தயங்கி நிற்பவர்கள், ஞானஸ்நானத்தைக் கண்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையிடம் போங்கள்.

அந்தச் சிறுவன் முதல் நன்மை வாங்கிய அன்று அம்மம்மா அவனுக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த வருடப் படிவத்தில் "தந்தை" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "பிள்ளையை வளர்ப்பவர்" என்று எழுதினேன்.