மூணு நாள் லீவு... ஒரு மலை!

பொதிகை உச்சிக்குப் போகணும்னா, முதல் ஏற்றம் ஆபீஸிலேயே ஆரம்பிச்சுடும். மூணு நாள் லீவு வாங்கணுமே!

"எதுக்குய்யா மூணு நாள்?"

"மலை ஏறப் போறோம் சார்."

"பழனியா? காலையில ஏறினா மத்தியானம் இறங்கிடலாமே!"

"அகஸ்தியர்கூடம் சார்" என்றதும், சாமி காரியமென்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார் மேனேஜர். உச்சியில் அகஸ்தியர் சிலை உண்டு. ஆனால் வனத்துறை பூஜை பண்ண விடாது. அதை நான் ஏன் சொல்லப் போறேன்?

உயரம் 1,868 மீட்டர். "ஊட்டியே இதைவிட உசரம்" என்பார்கள். வாஸ்தவம். ஊட்டிக்கு பஸ் போகுதே!

மலை நம்ம பாபநாசத்துக்கு மேலே நின்றாலும், ஏறும் வழி கேரளத்துப் பக்கம். திருவனந்தபுரத்திலிருந்து விதுரா, அங்கிருந்து போனக்காடு. சீஸன் ஜனவரியில் ஆரம்பம். தினம் இத்தனை பேர்தான் என்று கணக்கு. ஆன்லைனில் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய விரல்கள் உத்தமம். டாக்டர் சர்டிபிகேட்டும் வேணும். 'உடம்பு சரியில்லை' என்று சர்டிபிகேட் வாங்கியே பழகின நமக்கு, 'உடம்பு நல்லாயிருக்கு' என்று வாங்கக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும். (2018-ல் கேரள உயர் நீதிமன்றம் வழிவிட்டதால், 2019 ஜனவரியிலிருந்து பெண்களும் ஏறுகிறார்கள்.)

நாங்கள் ஐந்து பேர். டீக்கடையில் உட்கார்ந்து போட்ட பிளான் இதுதான். முதல் நாள் சுமார் 15 கி.மீ. நடந்து அதிருமலை முகாமில் ராத்திரி தங்கல். மறுநாள் உச்சிக்குப் போய்த் திரும்பவும் முகாம். மூணாம் நாள் அதே 15 கி.மீ. இறக்கம். இந்த மூணாம் நாளைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. உச்சியிலேயே முட்டியை மொத்தமாகச் செலவழித்துவிட்டால், அப்புறம் வீட்டுக்கு எதை வைத்து நடப்பது? அதனால் ஒரு சட்டம் போட்டோம்: யார் மேலே வர்றது, யார் தங்கறது என்பதை முகாமிலேயே முடிவு பண்ணணும். தங்கறவரை யாரும் கேலி பண்ணக் கூடாது.

முதல் நாள் காட்டாறுகளைத் தாண்டிப் புல்வெளி, அப்புறம் ஏற்றம். வழியில் ஓர் ஏற்றத்துக்கு 'முட்டிடிச்சான் தேரி' என்று பெயர். திருச்செந்தூர்ப் பக்கம் தேரி என்றால் செம்மணல் மேடு, இங்கே செங்குத்து. ஏறும்போது முட்டி வந்து மோவாயில் இடிக்குமாம். பெயர் வைத்தவர் ஏறிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்! யானை நடமாடும் காடு என்பதால் இருட்டுவதற்குள் முகாமில் இருந்தாக வேண்டும்.

முகாம் என்றதும் லாட்ஜை நினைக்காதீங்க. நீளமான கொட்டகை, வரிசையாகப் பாய். எனக்கு இடப்பக்கம் ஆழப்புழைக்காரர், வலப்பக்கம் நாகர்கோவில்காரர். இரண்டு மாநிலக் குறட்டைக்கு நடுவே நான். வெளியே காற்று தகரத்தைப் பிய்த்துவிடுவதுபோல் அறைந்தது. போர்வையும் குரங்குக் குல்லாவும் இல்லாவிட்டால் சிவராத்திரிதான்.

அந்த ராத்திரியில்தான் எங்கள் அக்கவுண்ட்ஸ் நண்பர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு நான் வரலைப்பா." எட்டு மாசமா இந்த மலையைப் பற்றியே பேசினவர் அவர்தான். யாரும் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சும் வரவில்லை.

காலையில் கனமான பையெல்லாம் அவர் பொறுப்பில். தண்ணீர், பொட்டலம், மழைக்கோட்டு மட்டும் எங்களோடு. இன்னும் ஐந்தாறு கி.மீ. பொங்காலைப் பாறைக்கு அப்புறம் வழுக்குப் பாறை. கயிற்றைப் பிடித்துத்தான் ஏறணும். 1855-லேயே ஜான் ஆலன் பிரவுன் என்ற விஞ்ஞானி இந்த மலையில் ஆராய்ச்சிக்கூடமே அமைத்தார். கருவிகளைச் சுமந்தவர்களின் முதுகை நினைத்தபோது, என் சின்னப் பையைப் பற்றிப் புலம்ப வாய் வரவில்லை. உச்சியில் அரை மணி நேரம். பனிமூட்டம் ஏறுவதைப் பார்த்ததும் இறங்கிவிட்டோம்.

முகாமுக்குத் திரும்பினால், கேண்டீனில் எங்கள் நாலு பேருக்கும் கஞ்சியும் பயறும் சொல்லிவைத்து, வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் அக்கவுண்ட்ஸ் நண்பர். "சிலை எந்தப் பக்கம் பார்த்திருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.