தொட்டிலுக்கு யார் பொறுப்பு?

கல்கத்தாவின் லோயர் சர்குலர் சாலை இன்று ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் பெயரில் இருக்கிறது. அதில் 54ஏ எண் கட்டடத்தில் அன்னை தெரசாவின் சமாதி. வெளியூர்க்காரர்கள் தேடிப் போவது அங்கேதான். சற்றுத் தள்ளி 78-ல் நிர்மலா சிசு பவன். சிக்கலான கதை இந்த இரண்டாவது கட்டடத்துக்குத்தான்.

லொரேட்டோ கன்னியர் மடத்தை விட்டு 1948-ல் வெளியே வந்த தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சேரிட்டி சபைக்கு 1950-ல் திருச்சபையின் அங்கீகாரம் கிடைத்தது. 1952-ல் காளிகாட்டில் சாகக் கிடப்பவர்களுக்கு இல்லம். 1955-ல் குழந்தைகளுக்கு சிசு பவன். குழந்தையை அழிக்க வேண்டாம், எங்களிடம் கொடுங்கள் என்று மருத்துவமனைகளுக்கும் போலீஸ் நிலையங்களுக்கும் சொல்லி அனுப்பியதாக 1979-ல் நோபல் உரையில் அவரே குறிப்பிட்டார். கல்கத்தா இல்லம் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கருக்கலைப்பிலிருந்து காப்பாற்றியதாக 1994-ல் வாஷிங்டனில் சொன்னார். அந்தப் பேச்சில் இன்னொன்றும் இருந்தது: குழந்தையைத் திருமணமான தம்பதிக்கே தருவோம். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் ஒரு விசித்திரம். கத்தோலிக்கக் கன்னியர் வளர்த்த குழந்தையை ஒரு கத்தோலிக்கத் தம்பதி சட்டப்படி தத்தெடுக்க முடியாமல் இருந்தது. 1956-ம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும். கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சிகளுக்குக் கிடைத்தது 1890-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 'கார்டியன்' என்ற தகுதிதான். பிள்ளை வயதுக்கு வந்ததும் அந்த உறவு காகிதத்தில் முடிந்துவிடும். சொத்தில் தானாக உரிமை வராது. எல்லோருக்கும் பொதுவாக 1972-ல் வந்த மசோதா எதிர்ப்பில் நின்றுபோனது. 2000-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் 2006-ல் வந்த திருத்தமும்தான் கதவைத் திறந்தன.

வெளிநாட்டுத் தம்பதிகளும் கார்டியன் வழியாகவே குழந்தைகளைக் கொண்டுபோனார்கள். அதில் முறைகேடு நடப்பதாக வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்கானது. 1984-ல் நீதிமன்றம் விதிமுறைகள் வகுத்தது. 1990-ல் 'காரா' என்ற மத்திய அமைப்பு பிறந்தது. நல்ல எண்ணம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்று அரசு சொல்லத் தொடங்கிய கட்டம் இது. சொன்னதில் தப்பில்லை.

மோதல் வந்தது 2015-ல். புதிய விதிகளின்படி விண்ணப்பம் எல்லாம் கம்ப்யூட்டர் வழியே. எந்தக் குழந்தை எந்த வீட்டுக்கு என்று இல்லம் முடிவு செய்கிற பழைய வழக்கம் போயிற்று. தனியாக வாழ்பவர்களும் விவாகரத்தானவர்களும் வரிசையில் நிற்கலாம். தங்கள் மனசாட்சிக்கு ஒவ்வாது என்ற சபை, தத்துக் கொடுக்கும் அங்கீகாரமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அப்போதைய அமைச்சர் மேனகா காந்தி இதை மறைக்காமல் விமர்சித்தார். 1956-ம் ஆண்டுச் சட்டமே மணமாகாத பெண்ணைத் தத்தெடுக்க அனுமதித்திருந்தது என்பதை நினைத்தால், சபையின் பிடிவாதம் கொஞ்சம் அதிகம்தான்.

மூன்றாண்டு கழித்து, 2018 ஜூலையில் ராஞ்சியில் அடுத்த அடி. சபை நடத்திய, மணமாகாத தாய்மார்களுக்கான இல்லத்தில் பிறந்த சிசுக்களைப் பணத்துக்குக் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. ஊழியர் ஒருவரும் கன்னியர் ஒருவரும் கைதானார்கள். அது தனிநபர் செயல் என்று சபை கண்டித்தது. நாடெங்கும் அதன் இல்லங்களைச் சோதிக்க மத்திய அரசு உத்தரவிட்டது.

இப்போது கண்டெடுக்கப்படும் குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். குழந்தை நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பெற்றோரைத் தேடிப் பார்த்து, இரண்டு வயதுக்குட்பட்டது என்றால் இரண்டு மாதத்துக்குள் குழு முடிவு சொல்ல வேண்டும். 2022 முதல் தத்து உத்தரவில் கையெழுத்திடுவது மாவட்ட மாஜிஸ்திரேட். கன்னியருக்கு மிஞ்சியது, யாரும் கேட்டு வராத குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைக்கும் வேலை.